முகத்தில் முடி: அழகுப் பிரச்சினை மட்டும்தானா?

மேலுதட்டிலும் தாடையிலும் கருப்பாக முடி முளைத்தால், பெண்கள் முதலில் தேடிப் போவது அழகு நிலையத்தைத்தான். வீட்டிலோ, "கஸ்தூரி மஞ்சளை விடாமல் பூசு" என்பார்கள். அது உடலுக்குள் இருக்கும் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

ஆண்களுக்குரியது என்று நாம் நினைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், பெண்களுக்கும் சிறிதளவு சுரக்கிறது. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைத் தருகின்றன. அதன் அளவு கூடினால், மெல்லிய பூனைமுடி கருத்துத் தடித்துவிடும். சிலருக்கு ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும், முடியின் வேர் அந்த ஹார்மோனுக்கு அதிகமாக இணங்குவதால் முடி வளரும். இது பெரும்பாலும் பரம்பரை வாகு.

இதற்கு மிகப் பரவலான காரணம் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறு. ஏறக்குறைய 10 பெண்களில் ஒருவருக்கு இது உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகப்பரு, உடல் எடை கூடுவது ஆகியவையும் சேர்ந்து வரலாம். இதில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஈடுகட்ட உடல் கூடுதல் இன்சுலினைச் சுரக்க, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை மேலும் பெருக்குகிறது. கவனிக்காமல் விட்டால் நீரிழிவும் குழந்தைப்பேற்றில் தாமதமும் வரலாம். முடியை மட்டும் அகற்றிவிட்டு இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகினாலோ, குரல் தடித்தாலோ, ஆண்களைப் போல் முன்தலை வழுக்கையானாலோ தாமதிக்காதீர்கள். அரிதாக, சுரப்பிகளில் கட்டி இருந்தாலும் இப்படி நேரும்.

சிகிச்சை உண்டு. எடை கூடியவர்கள் 5 விழுக்காடு குறைத்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்புண்டு. மருத்துவர் தரும் ஹார்மோன் மாத்திரைகளின் பலன் முடியில் தெரிய 6 மாதமாவது ஆகும், பொறுமை வேண்டும். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளைக் கருத்தரிக்க முயலும் பெண்கள் உட்கொள்ளக்கூடாது. லேசர் முடியைப் பெரிதும் குறைக்கும். ஆனால் நம் மாநிறத்திற்கேற்ற கருவியும் அனுபவமுள்ள கையும் தேவை. இல்லையெனில் தோல் கருத்துப்போகும். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது வெறும் நம்பிக்கையே.

தாய்மார்களே, மகள் கண்ணாடி முன் தயங்கி நின்றால் கேலி செய்யாதீர்கள். மாதவிலக்குத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.