முழுதும் புரிகிற ஒரு சர்வர்

இணையத்திலிருந்து எட்டக்கூடிய முகவரியில் ஒரு கணினியை வைத்தால், அந்த முகவரியை நாம் யாருக்கும் சொல்லாவிட்டாலும் அன்றைக்கே அந்நியர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ‘ரூட்’, ‘அட்மின்’ என்று பெயர் சொல்லி, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்ததற்கான தடங்கள் கணினியின் பதிவேட்டில் வரிவரியாகச் சேரும். வருபவை பெரும்பாலும் நிரல்கள். உலகத்து முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதே அவற்றின் வேலை. பெரிய நிறுவனம், சின்ன வீடு என்ற பாகுபாடு அவற்றுக்குக் கிடையாது.

குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் சொந்த இணையதளத்தையும் பெருநிறுவனங்களின் கிளவுடில் விடாமல் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இதைத் தெரிந்துதான் இறங்க வேண்டும். வீட்டு சர்வர் என்பது இரவும் பகலும் ஓடும் ஒரு சாதாரணக் கணினிதான். பழைய மடிக்கணினியோ, அலுவலகங்கள் கழித்துவிடும் மினி பிசியோ போதும். அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் லினக்ஸ் போடுகிறார்கள். அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது: ஓபன்பிஎஸ்டி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970களின் பிற்பாதியில் யூனிக்ஸ் இயங்குதளத்தை விரிவாக்கி உருவானது பிஎஸ்டி. அந்த வழியில் 1993இல் நெட்பிஎஸ்டி வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான தியோ டி ராட், சகாக்களுடன் ஏற்பட்ட பிணக்கால் வெளியேற நேர்ந்தது. 1995 அக்டோபரில், கனடாவின் கால்கரி நகரிலிருந்து அவர் தொடங்கிய தனிக்கிளையே ஓபன்பிஎஸ்டி. அன்று அமெரிக்கா வலுவான மறையாக்க மென்பொருளின் ஏற்றுமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி வந்தது. கனடாவில் இருந்ததால், மறையாக்கத்தை இயங்குதளத்துக்குள்ளேயே சேர்த்துத் தர இவர்களால் முடிந்தது. இந்தத் திட்டத்தின் கணினிகளும் தியோவின் வீட்டு நிலவறையில்தான் ஓடின. 2014 தொடக்கத்தில் 20,000 டாலர் மின்கட்டணத்துக்கு வழியில்லாமல் திட்டமே நின்றுபோகும் நிலை வந்து, நன்கொடைகளால் மீண்டது.

ஓபன்பிஎஸ்டியை நேரில் பார்த்திராதவர்களும் அதன் ஆக்கம் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச், 1999இல் இந்தக் குழு வெளியிட்டது. இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் அது இருக்கிறது.

இவர்களைத் தனித்துக் காட்டுவது வாசிப்பு. 1996 முதல் மூலநிரலைக் கோப்பு கோப்பாகப் படித்துத் தணிக்கை செய்து வருகிறார்கள். ஒரு பிழை கிடைத்தால் அதைத் திருத்துவதோடு நிறுத்துவதில்லை. அதே வகைப் பிழை வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று மொத்த நிரலையும் அலசுகிறார்கள்.

இந்த உழைப்பின் பலன் 2024 ஜூலையில் வெளிப்பட்டது. ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் கடுமையான ஓட்டை ஒன்றை குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உள்ளே வர முயல்பவருக்கு அந்த சர்வர் வழக்கமாக 120 நொடி அவகாசம் தரும். அதற்குள் அவர் தம்மை நிரூபிக்காவிட்டால் உள்ளே ஓர் அலாரம் அடிக்கும். சர்வர் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, ‘நேரம் முடிந்தது’ என்று பதிவேட்டில் எழுதப் போகும். லினக்ஸில் அப்படி எழுதும் சார்பு, நினைவகத்தை ஒதுக்கும் வேலையிலும் கைவைத்தது. ஏற்கெனவே ஓர் ஒதுக்கீடு பாதியில் நிற்கும்போது அலாரம் அடித்தால் சிக்கல். கணக்கர் பேரேட்டில் ஒரு வரவைப் பாதி எழுதியிருக்கையில், இன்னொருவர் அதே பக்கத்தில் தன் கணக்கை எழுதப் புகுவதைப் போன்றது இது. கணக்கு குலையும். அந்தக் குலைவைப் பிடித்துக்கொண்டு, பல மணி நேரம் விடாமல் முயல்பவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம்.

இந்த ஓட்டை ஓபன்எஸ்எஸ்ஹெச் நிரலிலேயே இருந்தது. 2006இல் அடைக்கப்பட்ட பிழை, 2020இல் செய்த ஒரு மாற்றத்தால் மீண்டும் திறந்துகொண்டது. ஆனாலும் ஓபன்பிஎஸ்டியில் இந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. அலாரத்தின் நடுவே அழைத்தாலும் ஆபத்தில்லாமல் பதிவேட்டில் எழுதும் சார்பு ஒன்றை அவர்கள் 2001லேயே உருவாக்கியிருந்தார்கள். 23 ஆண்டுகளுக்கு முன் செய்த வேலை அன்று காப்பாற்றியது. பிழையே செய்யாத மனிதர்கள் எங்கும் இல்லை. ஒரு பிழை நேர்ந்தாலும் அது பேரழிவாக மாறாதபடி அடுத்த தடுப்பு தயாராக இருக்க வேண்டும் என்பதே இவர்களின் கொள்கை.

2016இல் வந்த ‘பிளெட்ஜ்’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடங்கியதும் ஒரு நிரல், ‘இனி நான் கோப்புகளைப் படிக்க மட்டும் செய்வேன்’ என்பது போல, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் உறுதி தருகிறது. பிறகு வேறெதையாவது செய்ய முயன்றால் கெர்னல் அதை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். 2018இல் வந்த ‘அன்வீல்’, நிரலுக்குத் தேவையான கோப்புறைகளைத் தவிர மற்றவற்றை அதன் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஒரு நிரலை யாரேனும் ஏமாற்றிக் கைப்பற்றினாலும், அதை வைத்து அதிகம் சாதிக்க முடியாது.

வீட்டில் இதை நிறுவுவது எளிது. யுஎஸ்பியில் ஏற்றித் தொடங்கினால் எழுத்து வடிவில் சில கேள்விகள் வரும். பலவற்றுக்கு என்டர் தட்டினாலே போதும். நிறுவி முடித்ததும் ஓடும் சேவைகள் மிகச் சில. மற்றதை நாமாகத்தான் இயக்க வேண்டும். இணையதளத்துக்கு அதன் சொந்த வெப் சர்வர் உடன் வருகிறது. தனிக் கோப்புறைக்குள் அடைபட்டு ஓடும் அதற்குச் சில வரி அமைப்பு போதும். தீச்சுவராக இருப்பது 2001 முதல் வரும் பிஎஃப். முதல் வரியில் எல்லாவற்றையும் தடுத்து, அடுத்த வரிகளில் இணையதளத்துக்கு 80, 443, நுழைவுக்கு 22 என்ற போர்ட்டுகளை மட்டும் அனுமதிக்கலாம். பொருந்தும் விதிகளில் கடைசி விதியே செல்லும் என்பதை நினைவில் வைத்தால், பிறர் எழுதிய விதிகளையும் எளிதில் படித்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ஒரு கட்டளை, பதிப்பு மாற்றத்துக்கு இன்னொன்று. கையேடுகள் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. கையேட்டில் தவறு இருந்தால் அதையும் நிரல் பிழையாகவே கருதித் திருத்துகிறார்கள்.

குறைகளும் உண்டு. இதன் கோப்பு முறைமையில், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் இல்லை. திடீரென மின்சாரம் போனால், அடுத்த முறை எழும்போது வட்டு முழுவதையும் சரிபார்க்க நேரம் பிடிக்கும். சில சமயம் நாமே அருகிலிருந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். எனவே யுபிஎஸ் கட்டாயம். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, டாக்கர் கொள்கலன்கள், புளூடூத் எதுவும் கிடையாது. பல டெராபைட் திரைப்படத் தொகுப்பை வைக்க, பிஎஸ்டி வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டியோ லினக்ஸோதான் பொருத்தம். இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து நம் கணினியை நேரடியாக எட்ட முடியாமலும் போகலாம். ஐபிவி6 இருந்தால் அதன் வழியே வரலாம். இல்லையென்றால் வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்து, அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கம் போடலாம். வயர்கார்டு 2020 முதல் ஓபன்பிஎஸ்டியின் கெர்னலிலேயே இருக்கிறது.

தொடங்குகிறவர்கள் மின்னஞ்சலில் கைவைக்க வேண்டாம். அது அனுபவசாலிகளுக்கே தலைவலி. முதலில் ஒரு சிறிய இணையதளத்தை மட்டும் ஓடவிடுங்கள். பிஎஃப் விதிகளை நீங்களே எழுதுங்கள். பிறகு, ஓடும் நிரல்களின் பட்டியலை வரவழைத்து, ஒவ்வொன்றும் எதற்காக ஓடுகிறது என்று கையேட்டில் தேடிப் படியுங்கள். சில மாலைகளில் முடித்துவிடக்கூடிய நீளம்தான் அந்தப் பட்டியல். தன் வீட்டில் ஓடும் சர்வரில் என்ன நடக்கிறது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்க வேண்டும். தனியொருவருக்கு அது கைகூடும் அளவுக்கு ஓர் இயங்குதளத்தைச் சிறிதாகவும் தெளிவாகவும் வைத்திருக்கிறார்கள் என்பதே இதைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதல் காரணம்.