மரபியல் ஆலோசகரின் பணி: நிகழ்தகவும் புரிதலும்

'மரபியல் ஆலோசனை' என்னும் கலைச்சொல்லை 1947இல் அமெரிக்க மரபியலர் ஷெல்டன் ரீட் உருவாக்கினார். மரபுவழி நோய் பற்றிய உண்மைகளைக் குடும்பத்தார் தாமே முடிவெடுக்குமாறு விளக்குவதே இப்பணியின் மையமாகும்.

தாலசீமியா நோயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆலோசகர் முதலில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தை வரைகிறார். கருச்சிதைவு, சிசு மரணம், உறவுத் திருமணம் ஆகியவற்றைக் கேட்டறிகிறார். தமிழகத்தில் 'சொந்தத்தில் திருமணமா?' என்னும் வினா மட்டும் போதாது. உறவு இன்னதெனவும் அறிதல் வேண்டும். தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாக 4இல் 1 பங்கு மரபணுக்களையும், அத்தை மகனும் மாமன் மகளும் 8இல் 1 பங்கையும் பொது முன்னோர் வழியாகப் பகிர்ந்துள்ளனர்.

பெற்றோர் இருவரும் ஒரு குறைபாட்டு மரபணுவைத் தாங்கியவராயின், ஒவ்வொரு கருவிலும் கடுமையான தாலசீமியா தோன்றும் வாய்ப்பு 25 விழுக்காடு. முதற்குழந்தை நோயுற்றதால் அடுத்த மூன்றும் நலமாகப் பிறக்கும் எனக் கருதுவது பிழை; ஒவ்வொரு கருவுக்கும் வாய்ப்பு அதே அளவினதே.

இந்நோய்க்குப் பெரும்பாலும் இருவரின் மரபணுவும் காரணமாதலால், தாயை மட்டும் பழிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. எனவே, எண்ணைக் கூறுவதோடு, அது சரியாக உணரப்பட்டதா எனத் தெளிவதும் ஆலோசகரின் கடமையாகிறது.