பிரேக் பிடித்தால் மின்சாரம்!

குட்டீஸ், சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் விளக்கு எரியும், மிதிப்பதும் கனக்கும். ஏன்? சக்கரத்தின் ஆற்றலில் ஒரு பங்கு மின்சாரமாகிறது!

இதே உத்திதான், 2018-ல் ஐரோப்பாவில் அறிமுகமான, 'கியா ஸ்போர்ட்டேஜ்' டீசல் மைல்டு ஹைப்ரிட் காரிலும் உள்ளது.

சாதாரண காரில் பிரேக் பிடித்தால், ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகி வீணாகும். இதிலோ வேகம் குறையும்போது, இன்ஜினுடன் பெல்ட்டால் இணைந்த மோட்டார் மின்சாரம் தயாரித்து, 48 வோல்ட் பேட்டரியில் சேமிக்கும். மறுபடி வேகமெடுக்கும்போது, அதே மோட்டார் 10 கிலோவாட் வரை இன்ஜினுக்குக் கைகொடுக்கும். வீட்டில் சார்ஜ் போட வேண்டாம்.

ஆனால், மோட்டார் மட்டும் தனியாகக் காரை ஓட்டாது. டீசல் எரிந்தே தீரும், புகையும் வரும். மிச்சமாவது கொஞ்சம்தான். 'மைல்டு' என்றால் மிதமானது என்றுதானே பொருள்!

புகையே விடாத வண்டி எது? உங்கள் சைக்கிள்தான்!