கரும்பலகை தெரியாத மாணவன்

கடைசி வரிசையில் அமரும் மாணவன் ஒருவன், கரும்பலகையில் உள்ளதை எப்போதும் அரைகுறையாகவே எழுதி வருவான். கவனமில்லாதவன் என்று எண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் அவன் குர்ஆனை ரைஹாலில் வைக்காமல் முகத்தருகே தூக்கிப் பிடித்து ஓதுவதைக் கண்டபோதுதான் உண்மை உறைத்தது. கண் மருத்துவர் சோதித்துவிட்டு மைனஸ் மூன்று என்றார். அவனைக் கடிந்த சொற்கள் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றன.

அன்பு வாசகர்களே! கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் காரணம், விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதுதான். வளர்ந்தவர்களின் விழி நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை பவர் ஏறிவிடும். ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுவதால் தொலைவிலுள்ளவை மங்குகின்றன. கண்ணாடி அந்தக் குவியத்தைப் பின்னே தள்ளுகிறதேயன்றி நீண்ட விழியைக் குறுக்குவதில்லை. நீண்ட விழியில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்கு விழித்திரை பிரிதல், கண் நீர் அழுத்த நோய் போன்ற ஆபத்துகள் மிகுதி. லேசர் சிகிச்சையால் கண்ணாடியைத் துறந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். கண்முன் திடீரென மின்னல் கீற்றுகள் தோன்றினாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ, திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் வரன் தட்டிப்போகும் என்று அஞ்சும் தாய்மார்கள் நம்மிடையே இன்றும் உண்டு. கண்ணாடி போட்டால்தான் பவர் ஏறும் என்பாரும் உளர். இரண்டும் பிள்ளையின் கண்ணோடு விளையாடுவதாகும். அணியாதிருப்பதாலோ, பவரைக் குறைத்து அணிவதாலோ கிட்டப்பார்வை தணிவதில்லை.

பிறகு எதுதான் தணிக்கும்? பகல் வெளிச்சம், குறை வந்தபின் தணிப்பதைவிட, வராமல் தள்ளிப்போடுவதில் நன்கு உதவுகிறது. தைவான் நாட்டில் 2010-ஆம் ஆண்டு முதல், பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் 120 நிமிடம் திறந்தவெளியில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். அதுவரை ஏறிக்கொண்டே வந்த பார்வைக்குறை விகிதம் பின்னர் இறங்கலாயிற்று. பகலொளி விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். குறை வந்துவிட்ட பிள்ளைகளுக்குச் செறிவு குறைந்த அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

எங்கள் மத்ரஸாவில் அஸருக்குப் பின் இருந்த பாடத்தை மஃரிபுக்குப் பின் மாற்றிவிட்டேன். அந்நேரம் பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் சிலருக்கு இதில் மனத்தாங்கல். கேட்பவர்களுக்குக் காரணம் சொல்லி வருகிறேன்.