பட்டா பெட்டியில், நிலம் ஆற்றில்

வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். வீட்டுக்குள் சேறு நிற்கும், விதைநெல் ஊறிப்போயிருக்கும். ஆனாலும் திரும்பி வர மனை இருக்கும். கரை அரிப்பில் மனையே போய்விடும். பிரம்மபுத்திராவின் கரையில் வெள்ளம் வடிகிற நாட்களிலும் பயம் வடிவதில்லை. நீர் இறங்க இறங்க, ஊறிய மணல்கரை தாங்கல் இல்லாமல் பாளம் பாளமாகச் சரியும்.

1950 முதல் அசாம் இப்படி இழந்த நிலம் 4 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வந்த 8.6 அளவு நிலநடுக்கம் மலைச்சரிவுகளை ஆற்றில் கொட்டியது. படுகை மேடாகிவிட்ட ஆறு பக்கவாட்டில் வழி தேடியது. ஒருகாலத்தில் 1,200 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்த மாஜுலி தீவு இன்று அதில் பாதிகூட இல்லை. 2016-இல் மாவட்ட அந்தஸ்து கிடைத்தது, நிலம்தான் கிடைக்கவில்லை!

மாஜுலியின் மிசிங் மக்கள் மூங்கில் கால்கள்மேல் வீடு கட்டுவார்கள். வெள்ளத்துக்கு அது போதும். அரிப்புக்கு ஒரே வழி, ஆறு வருமுன் வீட்டைப் பிரிப்பதுதான். தகரம், கதவு, மூங்கில் எல்லாம் படகில் ஏறும். நம் கொள்ளிடக்காரர்கள் திட்டு என்பதை அங்கே ‘சர்’ என்கிறார்கள். சர்வாசிகளுக்கு இதே வேலை வாழ்நாளில் பலமுறை.

எனக்கு உறுத்துவது காகிதம். தானோ முன்னோரோ 1971 மார்ச் 25-க்கு முன்பே அசாமில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டது குடிமக்கள் பதிவேடு. 2019-இல் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சம் பேர் இல்லை. அத்தனை பேரும் ஆற்றால் விடுபட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஊரே ஆற்றுக்குள் போனவர் எந்த ஊர்க்காரர் என்று எப்படிக் காட்டுவார்?

கற்களும் மணல்மூட்டைகளும் கரையைக் காக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். சில இடங்களில் காத்தும் இருக்கின்றன, எல்லா இடங்களிலும் அல்ல.

அரிப்பில் வீடிழந்தோரின் மறுகுடியமர்வுக்கு 15-ஆவது நிதி ஆணையம் 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதற்கும் காகிதம் கேட்பார்கள். இதற்கிடையே, தின்ற மண்ணை ஆறு கீழே எங்கோ திட்டாகப் போடுகிறது. நாணல் முளைக்கிறது, ஆட்கள் ஏறுகிறார்கள். பல திட்டுகளில் அளவைச் சங்கிலி விழுவதற்குள் அவையும் கரைந்துவிடுகின்றன.