கரண்டு வைத்தால் கதை முடிந்ததா?

"வாத்தியாரே, பெரியாஸ்பத்திரியிலே கரண்டு வைக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா நம்ம கதை முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்?"

எங்கள் பள்ளியில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாத்தா, பள்ளி வாசலில் நின்று என்னிடம் இப்படிக் கேட்டார். யான் வட்டாரத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இரவில் ஐந்தாறு முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக இதைப் பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இடுப்பு வலி வந்தபோது கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டார். பரிசோதித்தபோதுதான், புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் பரவியிருப்பது தெரிந்தது.

அன்பு வாசகர்களே, அவருடைய கேள்வி நம்மில் பலருடைய கேள்விதான். அதற்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சிறு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. அங்கே தோன்றும் புற்றுநோய்க்கு ஆண் சுரப்புநீரே உரம். அந்த உரத்தை நிறுத்தினால் நோய் அடங்கும் என்பதை 1941இல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று முற்றிய நோய்க்குப் போடப்படும் ஊசி மருந்துகள் பலவும் அந்த வழியில் வந்தவையே.

அப்படியானால் கதிர்வீச்சு எதற்கு? இங்கேதான் நாம் தெளிவாக இருக்க வேண்டும். "முற்றிய நோய்" என்று ஒரே சொல்லால் சொன்னாலும், கதிர்வீச்சு கொடுக்கப்படும் நோக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

முதலாவது, நோய் சுரப்பியைத் தாண்டி அக்கம்பக்கத்தில் மட்டும் பரவிய நிலை. நார்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளில் 875 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 24 பேர். கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 12 பேர். பாதிக்குப் பாதி! இங்கே கதிர்வீச்சு உயிர் காக்கும் சிகிச்சை.

இரண்டாவது, எலும்பில் சில இடங்களுக்கு மட்டும் பரவிய நிலை. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. பரவல் குறைவாக இருந்தவர்களுக்கு, மருந்தோடு சுரப்பிக்கும் கதிர்வீச்சு கொடுத்தபோது மூன்று ஆண்டுகள் கழித்து நூற்றுக்கு 81 பேர் உயிரோடிருந்தனர். கொடுக்காதவர்களில் 73 பேர். பரவல் மிகுந்தவர்களுக்கு இதனால் ஆயுள் கூடவில்லை. ஆகவே, பரவல் எவ்வளவு என்று கேட்டறிவது அவசியம்.

மூன்றாவது, வலியைத் தணிக்கக் கொடுப்பது. வலிக்கும் எலும்பின்மேல் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி குறைகிறது. பல நாள் கொடுப்பதற்கும் ஒரு நாள் கொடுப்பதற்கும் வலி தணிவதில் பெரிய வேறுபாடில்லை. முதல் ஓரிரு நாள் வலி சற்றுக் கூடலாம். பிறகு சில வாரங்களில் தணியும். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கும் 2025 மே மாதம் எலும்புக்குப் பரவிய இதே நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் அவர் கதிர்வீச்சு பெற்றுவந்தார்.

"கரண்டு" என்ற பெயரே பலரைப் பயமுறுத்துகிறது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்ரே எடுப்பதுபோல் மேசையில் படுக்க வேண்டும், இயந்திரம் சுற்றிவரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்நேரத்தில் வலியே தெரியாது. வீடு திரும்பியதும் பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. ஆனால் சுரப்பிக்குப் பல நாள் கொடுக்கும்போது சோர்வு, சிறுநீர் எரிச்சல், வயிற்றுப்போக்கு வரலாம். ஆண்மைக் குறைவும் ஏற்படலாம். இவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து பினாங்கிற்குத்தான் பலரும் போகிறார்கள். அங்கே கன்னியாஸ்திரீகள் 1976இல் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை இருக்கிறது. கெப்பாளா பத்தாஸ் அருகே பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையமும் உண்டு. போய்வரும் செலவுக்கும் தங்குவதற்கும் வழியில்லையென்றால், மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்நோய் உள்ளவருக்கு முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, முதுகுத்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். தைலம் தேய்த்து, உருவிவிட்டு, நாளை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். நேரத்தோடு போனால் நடை மிஞ்சும், தாமதித்தால் கட்டில்தான்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வாரக்கணக்கில் பினாங்கில் தங்க வேண்டியிருக்கும், மகனுடைய வேலை கெட்டுப்போகும் என்றுதான் அவர் மறுத்துவந்தார். மகனை அழைத்துப்போய், "எதற்காகக் கொடுக்கிறீர்கள், எத்தனை தடவை?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். வலிக்குத்தான், ஒரே தடவைதான் என்று பதில் வந்தது. காலையில் போனவர்கள் மாலையில் வீடு திரும்பினார்கள்.

நோய் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஊசி தொடர்கிறது. ஆனால் இரவில் தூங்குகிறார். பள்ளி விடும் நேரத்தில் பேரனை அழைத்துப்போக வாசலில் வந்து நிற்கிறார். போன வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் கதை பாக்கி இருக்கு வாத்தியாரே" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்? இன்றே கேட்டுப் பாருங்கள்.