பெர்சி ஜாக்சன் தொடரும் தில்லைத் தலபுராணமும்

பெர்சி ஜாக்சன் தொடர், கிரேக்கத் தொன்மங்களை இன்றைய அமெரிக்காவில் நிகழ்வனவாகச் சொல்லும் சிறார் மிகுபுனைவு நாவல் வரிசை. இதன் ஆசிரியர் ரிக் ரயர்டன். மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கும் ஒரு பிள்ளைக்குத் தொன்மக் கதையில் என்ன இடம் என்ற கேள்வி இத்தொடரின் அடியில் இருக்கிறது. கடலூர், சிதம்பரம் பகுதியின் தலபுராணக் கதைகளிலும் இக்கேள்விக்கு விடைகள் உண்டு. இக்கட்டுரை இரண்டையும் ஒப்பிட்டு விளக்குகிறது.

தொடரின் தோற்றம்

ரயர்டன் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய மகனுக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமமும், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு நிலையும் இருப்பது கண்டறியப்பட்டது. கிரேக்கக் கதைகளை விரும்பிய அச்சிறுவனுக்கு ரயர்டன் இரவில் கதை சொல்லிவந்தார். தெரிந்த கதைகள் தீர்ந்தபோது, மகனைப் போன்ற ஒரு சிறுவனை நாயகனாக்கிப் புதிய கதை ஒன்றை உருவாக்கினார். அதுவே 'தி லைட்னிங் தீஃப்' என்ற முதல் நூலாக 2005-இல் வெளிவந்தது. 2009-இல் வந்த ஐந்தாம் நூலுடன் முதன்மைக் கதை முடிந்தது. 2023-இலும் 2024-இலும் மேலும் இரு நூல்கள் வந்தன.

கதையமைப்பு

பன்னிரண்டு வயது பெர்சி பல பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டவன். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் மிதக்கும். ஓரிடத்தில் உட்கார முடியாது. பின்னர் அவன் கடல் தெய்வமான போசைடனின் மகன் என்பது தெரியவருகிறது. அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்கே பழகியது என்பதால் ஆங்கில எழுத்து ஓடுகிறது. போர்க்களத்துக்குரிய விழிப்பு இருப்பதால் உடல் அடங்குவதில்லை. கதை தரும் விளக்கம் இதுதான். ஒலிம்பஸ் மலை நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-ஆம் தளத்தில் இருக்கிறது. பெர்சியின் ஆசான் கைரன், பாதி மனிதன் பாதி குதிரை. தோழன் குரோவருக்கு ஆட்டுக்கால்கள்.

புலிக்கால் முனிவர்

தில்லைக் கதைகளைத் தமிழில் கூறும் முக்கிய நூல் உமாபதி சிவாசாரியாரின் 'கோயிற்புராணம்'. அவர் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். நூலின் முதல் சருக்கம் வியாக்கிரபாதருடையது.

தில்லை வனத்தில் சிவனை வழிபட்ட இம்முனிவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. வண்டு தொடாத மலர்தான் பூசைக்கு வேண்டும். விடிந்தபின் பறித்தால் வண்டுகள் முந்திவிடும். இருளில் பறிக்கப் போனால் கண் தெரியாது, மரத்தில் கால் வழுக்கும். எனவே மரம் ஏறப் புலியின் கைகால்களையும், இருளில் பார்க்க அவற்றில் கண்களையும் வரமாகக் கேட்டுப் பெற்றார். புலிக்கால் முனிவர் என்ற பெயர் இவ்வாறு வந்தது.

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றும் பெயர் உண்டு. கடலூரில் பாடலீசுவரர் கோயில் உள்ள திருப்பாதிரிப்புலியூர் என்ற ஊர்ப்பெயரில் பாதிரி மரமும் புலிக்கால் முனிவரும் சேர்ந்திருப்பதாகத் தலவரலாறு சொல்கிறது.

பதஞ்சலியும் இரணியவர்மனும்

இரண்டாமவர் பதஞ்சலி. திருமாலின் படுக்கையான ஆதிசேடனே சிவனின் கூத்தைக் காணும் ஆசையால் பதஞ்சலியாகப் பிறந்தார் என்பது கதை. இவருக்கு இடுப்புக்குக் கீழ் பாம்புடல். இருவரும் காண, தைப்பூச நாளில் தில்லையில் ஆனந்தக் கூத்து நிகழ்ந்ததாகப் புராணம் கூறும்.

மூன்றாவது கதை கௌட நாட்டு இளவரசன் சிம்மவர்மனுடையது. உடலில் நோய் இருந்ததால் அரசாளத் தகுதியற்றவன் எனத் தன்னைக் கருதி நாட்டைவிட்டு வந்தான். சிவகங்கைக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது உடல் பொன்னிறமானது. அதன்பின் இரணியவர்மன் எனப்பட்டான்.

ஒற்றுமையும் வேறுபாடும்

பெர்சியின் வேறுபாடு பிறப்போடு வந்தது. அவன் யாருடைய பிள்ளை என்பதற்கு அது அடையாளம். அதை யாரும் குணப்படுத்துவதில்லை. அதற்குப் பொருள் மட்டும் மாறுகிறது. புலிக்கால் முனிவரின் வேறுபாடு அவரே கேட்டுப் பெற்றது. செய்ய நினைத்த வேலைக்கு மனித உடல் போதவில்லை என்பதால் வந்த கருவி அது. இவ்விரு கதைகளிலும் விலங்குறுப்போ வாசிப்புச் சிரமமோ இழிவு ஆகவில்லை.

இரணியவர்மன் கதை வேறு வழியில் செல்கிறது. அங்கே வேறுபாடு ஒரு குறை. அது நீங்கினால்தான் அரியணை. ஆக, ஒரே தலபுராணத்துக்குள் இரண்டு பார்வைகளும் இருக்கின்றன. கூத்தைக் காணும் பேறு பெற்ற முனிவர்கள் இருவரும் இயல்பான மனித உடல் இல்லாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கதைக்கு வெளியே

டிஸ்லெக்சியாவுக்கு நாவல் தரும் காரணம் கற்பனை. அது மறைந்திருக்கும் ஆற்றலின் அடையாளமும் அல்ல, சோம்பலும் அல்ல, அறிவுக்குறைவும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிரமம் அது. முறையான பயிற்சியால் வாசிப்பை மேம்படுத்தலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளை இத்தகைய மாணவர்கள் கேட்டுப் பெறலாம்.

நேரில் காண

நடராசர் சிற்பங்கள், ஓவியங்கள் பலவற்றில் இரு பக்கமும் கைகூப்பி நிற்பவர்களைக் கவனித்தால், புலிக்கால் உள்ளவர் வியாக்கிரபாதர் என்றும் பாம்புடல் உள்ளவர் பதஞ்சலி என்றும் குழந்தைகளே கண்டுகொள்வார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரங்களை அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் காணலாம். அம்மரத்தின் பால் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும் என்பதால், கிளையை ஒடிக்காமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.